யசோதா திறந்த வளைகள்

என் தங்கை யசோதா ஜெயித்தவை: ஆண்கள் மட்டுமே கேட்டுவந்த புல் ஏலம், மழை ஏமாற்றிய ஆண்டில் விற்காமல் காப்பாற்றிய நான்கு பசுக்கள், தானே கெடுத்துத் தானே மீட்ட பாதிப் புல்வெளி, கடைசியாக, அவளுடைய கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்கு அவள் போனதில்லை. மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக்கொட்டகைதான் அவளுக்கு எல்லாம்.

சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் போகும் வழியில் சிவசங்கரன் என்பவருக்கு ஒரு புல்வெளி இருந்தது. ஒவ்வொரு மே மாதமும், அந்த ஆண்டு அங்கே புல் அறுக்கும் உரிமையை ஏலம் விடுவார். 1997இல் யசோதாவும் போய் நின்றாள். சவாரிக்கு மட்டக்குதிரைகள் விடும் டென்சில், "யசோதாம்மா, இது புடவைக் கடை இல்ல" என்றார்.

"தெரியும்ணா. புடவைக் கடைன்னா உங்களுக்கு இங்க என்ன வேலை?"

ஏலம் அவளுக்கே விழுந்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தாள். கையிலிருந்ததெல்லாம் அதில் போயிற்று. புல் வராவிட்டால் பசுக்களை விற்க வேண்டியதுதான்.

புல்வெளி முழுக்க வெள்ளெலி வளைகள். முதல் நாளே ஒரு வளைக்குள் கால் இறங்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. "இதுங்க வேரைத் தின்னுட்டா நம்ம மாடு இன்னாத்தத் தின்னும்?" என்று, கூட அறுக்க வந்த ருக்மிணியோடு சேர்ந்து, கிழக்குப் பாதியிலிருந்த வளைகளையெல்லாம் கல்லும் களிமண்ணும் போட்டு அடைத்தாள். மேற்கே போவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையோடு வானம் ஓய்ந்துவிட்டது. ஜூலை முழுக்க வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். கிழக்கே மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்தோடி, தரை இறுகி, புல் கருகிக் கிடந்தது. மேற்கே ஒவ்வொரு வளையைச் சுற்றியும் முழங்கால் உயரம் பச்சை. எலிகள் கிளறிப்போட்ட மண் மாவுபோல் இருந்தது. வளை வழியாக இறங்கிய தண்ணீர் அடியில் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு வளை வாசலில் தேரை ஒன்று வீட்டுக்காரர்போல் உட்கார்ந்திருந்தது. வேலிக்கல்லில் ஆந்தை ஒன்று எலிக்காகக் காத்திருந்தது.

யசோதா கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, மாட்டுக்குப் போற தண்ணிக் குழாயை நானே அடைச்சிட்டேன் பாரு!"

மறுநாளே கடப்பாரையோடு இறங்கினாள். அவளும் ருக்மிணியும் அடைத்த வளைகளைத் தேடித் தேடித் திறந்தார்கள். புல் வாங்க வந்த டென்சில் வாய்பிளந்து நின்றார்.

"இன்னாம்மா, எலிக்கு வீடு கட்டிக் குடுக்குறியா? வாடகை எவ்ளோ?"

"வாடகை புல்லா வரும்ணா. சும்மா நிக்காதீங்க, ஸ்வல்ப அந்தக் கல்லைத் தூக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்.

மேற்குப் பாதிப் புல்லை அளந்து அளந்து போட்டுத்தான் பசுக்களைத் தாக்காட்டினாள். எங்கள் தெருவில் மற்றக் கொட்டகைகள் காலியாயின. அதற்குள் வெள்ளெலிகள் கிழக்கே குடியேறிப் புது வளைகளும் தோண்டிவிட்டன. செப்டம்பர் மழைத் தண்ணீர் அவற்றில் இறங்கிற்று. தீபாவளிக்குள் எது கிழக்கு, எது மேற்கு என்று தெரியாதபடி எங்கும் பச்சை. டென்சிலின் குதிரைகளும் கொழுத்தன.

அடுத்த மே மாதம் சிவசங்கரன் டிராக்டர் விட்டுத் தரையைச் சமன் செய்ய நினைத்தார். நல்ல விலை போகும் என்று எண்ணம்.

"சமன் பண்ணினா நான் கேக்கல சார்" என்றாள் யசோதா.

"நானும் கேக்கல" என்றார் டென்சில்.

சிவசங்கரன் சிரித்துவிட்டார். வளைகளை யாரும் அடைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார். ஏலம் மறுபடியும் அவளுக்கே விழுந்தது. அவர் மைப்பெட்டியை நகர்த்த, "பேடா சார், மை வேணாம், பேனா குடுங்க" என்றாள். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் அவள் எழுதிப் பழகியது பசுக்களுக்கு மட்டுமே தெரியும்.

"கோணலா இருக்கேம்மா" என்றார் டென்சில்.

"எலி தோண்டுறதும் கோணல்தாண்ணா. தண்ணி இறங்குதில்ல?"

வளைகளைக் காக்கும் அந்த வரிக்குக் கீழே என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 17 மே 1998, ஞாயிற்றுக்கிழமை.