டயர் டியூபில் அடைத்த காற்று

நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்து, கோயமுத்தூரில் மில்லுகள் ஒவ்வொன்றாகப் பெருகிக்கொண்டிருந்த முப்பதுகளில் நடந்தது இது. என் கணவர் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, சிங்காநல்லூர்ப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய, வாடகை குறைவான ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனோம்.

எலும்பு கூடிவிட்டது, இனி உட்காரப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இவரோ எழுந்திருக்கவே மறுத்தார். விழுந்த பயம் போகவில்லை. தோளைப் பிடித்து லேசாகத் தூக்கினாலும் முகம் வெளுத்துவிடும். சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில். இப்படியே கிடந்தால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

மலையடிவாரத்தில் இருந்த என் தம்பி அவரைப் பார்க்க வந்தபோது, நொய்யலின் மேல்பக்கத்து ஓடையில் பிடித்த சின்ன மீன்களைக் குடத்தில் கொண்டுவந்தான். பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் ஜாதி. மில்லில் கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடித் தொட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை அமிலம் போகச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, கூழாங்கல் பரப்பி, மீனை விட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். இவர் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், மீன்களெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்று செத்து மிதந்தது.

"அம்மணி, இதுக ஓடற தண்ணியில இருந்ததுக. நின்ன தண்ணியில மூச்சு முட்டுது" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராகப் பேசியது அதுதான்.

தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். தண்ணீர் நுரைத்து விழ விழ மீன்கள் கீழே இறங்கின. கையை நிறுத்தினால் சற்று நேரத்தில் மறுபடி மேலே வந்துவிடும். சமையலை விட்டுவிட்டு நாள் முழுக்க ஊற்றிக்கொண்டிருக்க முடியுமா? குழாயிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்த லைனுக்கே சிறுவாணிக் குழாய் ஒன்றுதான். கோடை வேறு. பக்கத்து வீட்டு அம்மாள், ஒரு பஸ் டிரைவரின் மனைவி, என்னை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, நாங்கெல்லாம் குடிக்கத்தானுங்க புடிக்கறோம். நீங்க குடங்குடமாக் கொண்டுபோயி என்னங்க பண்றீங்க?"

மீனுக்கு என்றேன்.

"மீனுக்குங்களா?" என்று என் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

மத்தியானம் வாசலில் நிழல் தெரிந்தது. அதே அம்மாள். சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைத்தேன். அவர் உள்ளே பார்த்தார். இவர் படுத்தபடியே கையை நீட்டி, டம்ளரில் மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். படுத்த வாக்கில் கை சரியாக எட்டாமல், பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

"எத்தனை நாளாப் படுத்திருக்காருங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். சொன்னேன். தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அந்த அம்மாளின் வீட்டுக்காரர், பஸ் டிரைவர், வந்தார். தோளில் பஸ்ஸின் பழைய டயர் டியூப், கையில் காற்றடிக்கிற பம்ப். பின்னாலேயே அந்த அம்மாள்.

"தண்ணிய ஊத்தறது காத்து கலக்கத்தானுங்களே? காத்தையே உட்டுப் பாப்பமுங்க" என்றார் டிரைவர். டியூபில் காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகினார். குழாயின் மறுமுனையில் காற்று நுண்ணிய குமிழிகளாகக் கசிய, காய்ந்த முருங்கைக் குச்சித் துண்டை அடைத்துத் தொட்டிக்குள் இறக்கினார். காற்று புஸ்ஸென்று கிளம்பி, தண்ணீர் கலங்கி, மீன்கள் மூலைக்கு மூலை தெறித்து ஓடின.

"நூலைச் சுத்திக் குழாய இறுக்கோணும்" என்றார் இவர். நான் சுற்றினேன், காற்று அடியோடு நின்றுவிட்டது. டிரைவர் தளர்த்தினார், மறுபடியும் புஸ்ஸென்று வந்தது.

"இங்க கொண்டாங்க" என்று இவர் முழங்கையை ஊன்றினார். அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டார். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் விட்டு, திரும்ப இறுக்கினார். முத்துக் கோத்ததுபோலச் சிறு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அப்புறம்தான் தான் உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அந்த அம்மாள் தலையணையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு, காலையில் பஸ் எடுக்கப் போகுமுன் டிரைவர் டியூபை நிரப்பிவிட்டுப் போவார். மத்தியானம் நானும் அந்த அம்மாளும் மாறி மாறிப் பம்ப் அடிப்போம். நூல் முடுக்குவது இவர் வேலை. அதற்காகவே எழுந்து உட்காருவார். மழைக்காலம் தொடங்கும்போது சுவரைப் பிடித்து நின்றார். லேசான நொண்டலோடு மில்லுக்கும் திரும்பிப் போனார். மீன்களில் பாதிதான் பிழைத்தன.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் கோபத்தோடு வந்தாரா, அக்கறையோடு வந்தாரா என்று நான் கேட்டதே இல்லை. ஆனால் யாரோடு மனத்தாங்கல் வந்தாலும், அவர்கள் வீட்டு வாசல்வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வராமல் இன்றுவரை என்னால் இருக்க முடிவதில்லை.