பாலைவனத்துக்குப் போன பெட்டிகள்

எழுபதுகளில் நான் கடல்கடந்து வந்த வெள்ளைக்கார நாட்டில், கிளேட்டன் என்ற இடத்தில், மரப்பெட்டி அடிக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். தச்சுவேலை பழகியவன் அல்ல. பள்ளிக்கூடமும் நாலாம் வகுப்போடு சரி. கப்பலில் சாமான் கட்டிய கை. அங்கே பால் விடாமல் தேத்தண்ணீர் குடித்தவன் நான் ஒருவன்தான், அது வேறு கதை.

சில பெட்டிகள் நாட்டின் நடுவில், பாலைவனத்தில், அமெரிக்கரும் இந்த நாட்டுக்காரரும் சேர்ந்து நடத்திய தளத்துக்குப் போயின. அங்கே அணு ஏவுகணை புதைத்திருக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, ஏவுகணைக்குக் கண்ணும் காதும்தான் அங்கே என்றார்கள் வேறு சிலர். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மட்டும் ‘சமையல் சாமான்’ என்றிருக்கும். சட்டி பானைக்கு எதற்கு இவ்வளவு தடித்த ரப்பர் மெத்தை?

ஒருநாள் சாமான் அடுக்க வந்த அமெரிக்கன் மூடிகளைப் புரட்டினான். எல்லாவற்றின் உட்பக்கத்திலும் பென்சில் குறி. பிள்ளையார் சுழி! எதைத் தொடங்கினாலும் போடுகிற பழக்கத்தில் என் கை போட்டிருந்தது.

“யாருக்கு இந்த அடையாளம்?” என்றான்.

ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்திருந்த நேரம். வேலை போனால் அவள் வருவதும் போகும்.

“யானைமுகச் சாமிக்கு. பெட்டி தடையில்லாமல் போய்ச்சேர,” என்றேன், தெரிந்த இங்கிலீசில்.

அவன் சிரிக்கவில்லை. ஆணியடித்த பெட்டிகளையும் திறக்கச் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினான், முதலாளியையும்தான். வெள்ளைக்கார முதலாளி தன் பட்டறை வாசலில், மழையில், சிகரெட்டோடு நின்றார்.

“உள்ளே என்ன, முதலாளி?”

“எனக்கே சொல்ல மாட்டான். என் நாடு, என் கூரை, நனைகிறவனும் நான்!”

பிறகு, இவனுக்கு நான் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது.

அன்றிரவு இதைக் கேட்டு, வாடகை அறையில் என்னோடு இருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர், தமிழ்நாட்டுக்காரர், விழுந்து விழுந்து சிரித்தார். “என்னண்ணே, பிள்ளையாரையே உளவாளி ஆக்கிட்டீங்களே!”

“சிரியாதையும் தம்பி. தடையில்லாமப் போகட்டும் எண்டெல்லோ போட்டனான். உள்ளுக்கை ஏவுகணைச் சாமான் எண்டால்?”

அவர் சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் அதே தளத்துக்குப் பெட்டிகள் அடித்தேன். பென்சில் காதிலேயே இருந்தது. முதலாளி மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

“உன் சாமிக்கு லீவா?”

“உள்ளே என்னவென்று அவருக்கும் சொல்லவில்லையே, முதலாளி.”