இடப்பக்கப் பின்விளக்கு

என் பத்தாவது வயதில் மூன்று வாரம் எனக்கு ஒரு வேலை இருந்தது. பழைய கார் ஒன்றின் பின்னால் குந்தி உட்கார்ந்து, தலையில் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்வது. பகல் வெயிலில் வெறும் கண்ணால் பார்த்தால் எரிகிற விளக்கும் எரியாததுபோலத்தான் தெரியும். அதனால் துண்டு. அப்பா ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்பார். நான் துண்டுக்குள்ளிருந்து பதில் சொல்வேன்.

கார், மலேசியாவில் ரெங்கம் என்ற சிற்றூரில் இருந்த பெரியப்பாவுடையது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். பக்கவாதத்தில் அவர் படுத்த பிறகு கார் கொட்டகையில் நின்றுவிட்டது. அதற்குள்ளிருந்த வயரையெல்லாம் எலிகள் தின்று தீர்த்தன. பெரியப்பாவின் கடைசி மகளுக்கு, எனக்கு அக்கா முறை, கல்யாணம் நிச்சயமானபோது, கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா உடனே, அதற்கென்ன, நான் ஓடவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

காரை லோரியில் ஏற்றி, கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார்கள். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். எதையும் தானே கழற்றிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அம்மாவோ ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களுக்கு வயர் கோத்துக் கட்டும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தாள். நாள் முழுக்க வயரும் கையுமாக இருக்கிற ஒருத்தி வீட்டிலேயே இருந்தும், அப்பா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத இடத்தில் அம்மா வாயைத் திறப்பதும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து காரின் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பா புது வயர் போட்டதும் இஞ்சின் ஓடியது. முன்விளக்குகள் எரிந்தன. துருப்பிடித்திருந்த இடப்பக்கப் பின்பகுதியை அப்பா சுரண்டி, புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். பின்விளக்குகள்தான் அவரைப் படாதபாடு படுத்தின. பிரேக்கை மிதித்தால் இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு செத்ததுபோல மங்கலாக இருக்கும். பக்கத்திலிருக்கும் மஞ்சள் விளக்கும் லேசாகக் கண் விழிக்கும். இடப்பக்கம் திரும்புவதற்கான சமிக்ஞையைப் போட்டாலோ, சம்பந்தமே இல்லாமல் இரண்டு பக்கத்துச் சிவப்பு விளக்குகளும் சேர்ந்து மினுக்கும்.

“எரியுதா பாப்பா?” என்று அப்பா கேட்பார்.

“எரியுதுப்பா, ஆனா...” என்பேன்.

அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் காரின் கதவு திறக்கும். அப்பா இறங்கி வந்து, போட்ட வயரையெல்லாம் மறுபடி பிடுங்குவார். பல்பை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். மூன்று வாரத்தில் அவர் முகம் சிறுத்துப்போனது. என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் சொல்வதால்தான் அந்த விளக்கு எரியாமல் போகிறது என்பதுபோல எனக்குள் ஒரு எண்ணம் வளர்ந்துகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை காலை ரெங்கத்துக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, கேட்கும்போதே அப்பாவின் குரல் கம்மிப் போயிருந்தது. துண்டுக்குள் நான் பார்த்தேன். வழக்கம்போல மங்கல்.

“எரியுதுப்பா,” என்றேன். ‘ஆனா’ சொல்லவில்லை.

“நல்லா எரியுதா?”

“நல்லா எரியுதுப்பா.”

அப்பா இறங்கிவந்து என்னைத் துண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். அப்படியே தெருவோர ஒட்டுக்கடைக்குத் தூக்கிப் போய், துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடம் காரைப் பற்றி அவர் சொன்ன கதையில், பழுது தீர்ந்தது இடது வயரை வலதுக்கு மாற்றியதால்தான் என்று ஒரு விளக்கம்கூட வந்துவிட்டது. என் கிண்ணத்தில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிச் சடையில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. பின்னுவதை நிறுத்தாமல், மங்கலா எரியுதா, சுத்தமா எரியலையா, சிக்னல் போட்டா எந்த விளக்கு மினுக்குது, ரெண்டு பக்கமுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னதையெல்லாம் மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒருவர் கடைசிவரை காதில் வாங்கியது அப்போதுதான். ரிப்பனைக் கட்டி முடித்துவிட்டு எழுந்தாள்.

“போய் அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் கூட வர்றேன்.”

அப்பா காருக்குள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“நான் பிரேக் போட்டா, பின்னாடி லோரியில வர்றவனுக்கு எப்படிம்மா தெரியும்? அக்காவும் மாப்பிள்ளையும் உள்ள உக்காந்திருப்பாங்கள்ல?” என்றார். சத்தம் போடவில்லை. பிறகு, “ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?” என்று கேட்டார்.

“நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு,” என்றேன்.

அப்பா கைகளைத் துணியில் துடைக்கத் தொடங்கினார். கையில் அழுக்கே இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“நீயே பாரு,” என்றார்.

அம்மா உள்ளே போய் நீளமான வயர் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் கட்டி, மறுமுனையைக் காரின் பின்னால் இழுத்துவரும்படி அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். கால் எட்டாததால் நுனியில் தொங்கிக்கொண்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அப்பா என் இடத்தில் குந்தியிருந்தார், தலையில் அந்தத் துண்டோடு.

“இப்ப?” என்றாள் அம்மா.

“மங்கலா இருக்கு.”

அம்மா வயரின் முனையை விளக்கின் இரும்பில் தொட்டாள்.

“எரியுது,” என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, “நல்லா எரியுது,” என்றார்.

விளக்குக்குக் கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும், பழைய காரில் அந்த வழி அதனுடைய இரும்பு உடம்புதான் என்று அம்மா சொன்னாள். விளக்கைப் பூட்டும் இடத்திலும் அப்பா அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் வழியை அடைத்துவிட்டது. திரும்ப வழியில்லாத கரண்ட் பக்கத்து விளக்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா விளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் ஒரு காசு அகலத்துக்குப் பெயிண்டைத் தேய்த்து எடுத்தாள். உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. திரும்பப் பூட்டினாள். மொத்தமே கால் மணி நேர வேலை.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. இருட்டிக்கொண்டு வந்த மழையில், எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவே போகும் தார்ச் சடக்கில் பச்சைக் கார் அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்த வேனில் நானும் அம்மாவும் இருந்தோம். இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் முன்னே அந்த மஞ்சள் விளக்கு தனியாக, சுத்தமாக மினுக்கியது. கோயில் வாசலில் பெரியப்பா சக்கர நாற்காலியில் காத்திருந்தார். பேச்சு சரியாக வராத அவர், கார் நின்றதும் அதன் முன்பக்கத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே இருந்தார். வயர் வேலை யார் பார்த்தது என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். வயர் இழுத்தது நான், விளக்கு எரியவெச்சது பாப்பாவோட அம்மா என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அன்று பெரியவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் வருத்தம். பொய் சொன்னதற்காக அப்பா என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார், என் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் நம்பினேன். ரொம்ப வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால், நீ தோற்றுவிட்டாய் என்று வளர்ந்த ஒருவரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிற வேலையை ஒரு குழந்தையின் தலையில் போட்டிருந்தோம் என்பது அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். துண்டை என்னிடமிருந்து வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அன்று காலை, கண்ணாடியைப் பார்த்தபடி, பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதேன்.