பாளையங்கோட்டைக்கும் சேர்த்துப் பிறக்காத கை

மாதா கோயிலில் துக்கமணி அடித்தபோது நான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். யாரோ வயதானவர் என்று நினைத்தேன். ஆணி வாங்க வந்த தோணிக்காரர்தான் சொன்னார்: "அண்ணாச்சி, தெரியாதா? நம்ம சவேரியான்லா போயிட்டான். காய்ச்சல் தலைக்கு ஏறிட்டாம்." தராசை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். போன வாரம்கூடப் படுக்கையில் கிடந்தபடியே என்னோடு வாதாடியவன்.

கடற்கரை மைதானத்தில் அவனோடு கூடைப்பந்து ஆடிய உங்களுக்கெல்லாம் அந்த வாதம் மனப்பாடம். வளையத்துக்குள் பந்து போடுவது பிறவியில் வருவதா, பழகி வருவதா? பிறவி என்பது என் கட்சி. யுத்த காலத்தில் புதுப் பந்து ஏது? சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கோணிப்போன பந்தைத்தான் வைத்து ஆடினோம். அந்தக் கோணல் பந்தும் அவன் எறிந்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் பூப்போல வளையத்துக்குள் இறங்கும். நாம் எறிந்தால் பலகையில்கூடப் படாது. "ஏலே, உனக்குப் பொறவிக் கைலே" என்பேன். உடனே அவன் முகம் சுருங்கிவிடும்.

ஏன் சுருங்குகிறது என்று ஒருநாள் அவனே சொன்னான். அவன் அப்பா தோணித் தண்டல். கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சரக்குத் தோணி நடத்துகிறவர். கப்பலை அணையும்போது தோணியிலிருந்து கயிறு வீச வேண்டும். சின்ன வயதில் சவேரியான் வீசிய கயிறெல்லாம் தண்ணீரில்தான் விழுந்ததாம். "கை விளங்காத பய" என்று அப்பா அவனைத் தோணியைவிட்டு இறக்கி, பண்டகசாலைக்குக் கணக்கெழுத அனுப்பிவிட்டார்.

"எல்லாரும் வாரதுக்கு முன்ன வந்து, எல்லாரும் போனப்புறமும் நின்னு, எறிஞ்சு எறிஞ்சு உண்டாக்குன கை அண்ணாச்சி இது. நீங்க ஒரே வார்த்தையில அதப் பொறப்புக்குக் குடுத்துடுதீங்களே" என்றான். நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. வாதத்தில் தோற்பது என் ஜாதகத்திலேயே கிடையாது.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் அந்த இறுதி ஆட்டம் வந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம். நாலு பக்கமும் உயரமான கட்டடங்கள், ஒரு இலைகூட அசையவில்லை. சவேரியான் எறிந்த முதல் பந்து வளையத்துக்கு வலப்பக்கம் தள்ளி விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. நம் மைதானத்தில் இருந்தது ஒரே கம்பம். அதைப் பார்த்து நின்றால் கடல் வலப்பக்கம். சாயங்காலக் கடல்காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும் என்று, அவன் கை தானாகவே கொஞ்சம் கடல் பக்கமாக எறியப் பழகியிருந்தது. அது அப்போது நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இல்லாத காற்றுக்கு இடம் விட்டு எறிந்துகொண்டிருந்தான்.

"நேராப் போடுலே!" என்று கத்தினேன்.

"போடத்தான் செய்யுதேன், கை கேக்க மாட்டேங்குது!" என்றான். தோற்றோம்.

திரும்பி வரும் ரயிலில் நாம் எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணாச்சி, பொறவிக் கைன்னா பாளையங்கோட்டைக்கும் சேத்துல்லா பொறந்திருக்கும்? இது நம்ம ஊர்க் காத்துல பழகுன கை." கோப்பையை விட்டுவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவனை நான் கண்டதில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாளே பண்டகசாலைக்குப் பின்னால், காற்றுப் புகாத மதிலில் ஒரு பீப்பாய் வளையத்தை அடித்து வைத்து எறிய ஆரம்பித்தான். அடுத்த வருஷம் அதே மைதானத்தில் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு பிறவிக் கை என்று புகழ்ந்தார்கள். அவன் முகம் மறுபடி சுருங்கியது.

துக்கமணி அடித்த அன்று நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தண்டல் தன் மகனின் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "பொறக்கும்போதே ஆண்டவர் குடுத்த கைய்யா இது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"இல்ல தண்டலய்யா. இது அவன் பழகுன கை" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அவர் அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தார். "ஆமாய்யா. நான் தோணிய விட்டு இறக்குன கைல்லா இது" என்று சொல்லி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நண்பர்களே, அந்த ஒட்டுப் போட்ட பந்து இப்போது என் கடையில் இருக்கிறது. யாராவது வந்து ஒருவனைப் பிறவிக் கெட்டிக்காரன் என்று புகழ்ந்தால், "எங்கன வச்சுப் பழகுனானாம்?" என்று கேட்டுவிடுகிறேன். சவேரியானிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். உன் கட்சிக்கு வந்துவிட்டேன், தம்பி. என்னோடு வாதாடத்தான் ஆள் இல்லை.