அம்மா போகாத சுடலை

லண்டனில் இப்போது எங்கள் ஆட்களின் செத்தவீடென்றால் பெண்களும் சுடலை வரைக்கும் போகிறார்கள். போன கிழமை மோர்டன் சுடலையில் ஒரு மாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையிலேயே இருந்தார். இருக்கட்டும், நல்லதுதான். என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லையே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கு எட்டு வயதில் நாங்கள் வேல்ஸில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தோம். மலை முழுக்கச் செம்மறிகள், அடிவாரத்தில் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம், நடுவில் ஒரேயொரு கடை. கடை அப்பாவுடையது. பாலுக்கும் பாணுக்கும் ஊருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒருநாள் காலை, பால் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். பிறகு எழும்பவேயில்லை.

லண்டனிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சம்பிரதாயத்தில் மயிரிழையும் விலகாதவர். வந்ததும் வராததுமாக, "பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை, தங்கச்சி" என்றுவிட்டார்.

"இஞ்சை ஆரண்ணை பாக்கப்போகினம்? நானும் வாறன். ஒருக்கா வழியனுப்பிப்போட்டு வாறன்" என்று அம்மா கெஞ்சினார்.

வெள்ளைக்காரர் ஊர்தானே, எதிர்வீட்டுக் கிழவியாவது தன் பக்கம் பேசுவார் என்று அம்மா நம்பியிருந்தார். கிழவி தட்டு நிறையச் சான்ட்விச்சோடு வந்தார். தானும் போகலாம்தானே என்று அம்மா கேட்டதும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார். சுரங்கக் காலத்திலிருந்தே அந்த ஊரிலும் பெட்டியோடு ஆண்கள்தான் போவார்களாம். சுரங்கத்தில் செத்த தன் மகனைக் கொண்டுபோன அன்றும் அவர் வீட்டிலேயே இருந்து சான்ட்விச்சுக்குப் பாண்தான் வெட்டினாராம். சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார்.

மாமாவுக்கு வெற்றி. "பாத்தியே, வெள்ளைக்காரருக்கே விளங்குது!" என்றவர் சான்ட்விச்சைப் பிரித்துப் பார்த்துப் பதறிப்போனார். "சிவ சிவா! செத்தவீட்டிலை பண்டி இறைச்சியோ?"

ஆனால் கொள்ளி வைக்க வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அந்த இடத்தில் மட்டும் மாமாவின் சம்பிரதாயம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. "சின்னப்பிள்ளைதானே, இவள் வரட்டும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொள்ளி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கறுப்புக் காரில் ஏறுவதே பெரிய புளுகமும் சந்தோசமுமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா தோய்ந்த ஈரத் தலையோடு படிக்கட்டில் இருந்தார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு பிள்ளை, எல்லாத்தையும் சொல்லு."

நானும் சொன்னேன். கறுத்த டை கட்டிய ஆண்கள் ஊர் எல்லை வரைக்கும் காருக்கு முன்னால் நடந்தார்கள். செம்மறிக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இருமி இருமிப் பாடினார்கள்.

"பாடினவையே? அப்பாவுக்கோ?"

"ஓமம்மா, பெரிய சத்தமாய்!"

"பிறகு?"

"பிறகு மாமா என்னைத் தூக்கிப்பிடிச்சவர். அங்கை ஒரு பொத்தான் இருந்தது, அதுதான் கொள்ளியெண்டு மாமா சொன்னவர். நான்தான் அமத்தினன், மாமா இல்லை. பெட்டியை மறைச்சுத் திரை தானாய் மூடிச்சுது."

பொத்தானை அழுத்திய என் விரலை அம்மா எடுத்துத் தன் கண்களில் மாறி மாறி ஒற்றினார். பிறகு உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடங்கும் சத்தம் கேட்டது. "விடுங்கோ அம்மா, திரையைத்தானே மூடினனான்" என்று விரலை உருவப் பார்த்தேன். அம்மா விடவேயில்லை.