வாசலோரத்து அடிக்கல்

முடிச்சூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் லுத்தரன் கோயிலுக்கு ஆண்டுவிழா மலர் போட முடிவு செய்தார்கள். வரலாறு எழுதும் வேலையைச் சபைச் செயலர் என் தலையில் கட்டினார். யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான்: ஸ்வீடன் தேசத்து மிஷனரி ஐயர் வந்தார், கோயில் கட்டினார். என்னவோ அவரே மண் குழைத்து, செங்கல் அறுத்து, ஓடு மாட்டியதுபோல! கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பழைய பதிவேடுகள் எல்லாம் 2015 வெள்ளத்தில் பீரோவோடு ஊறிக் கூழாகிவிட்டன. மிச்சம் இருந்த ஒரே சாட்சி வாசலோரத்து அடிக்கல். அதில் ஐயர் பெயருக்குக் கீழே, கட்டிட வேலை செய்த எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேரின் பெயரும் இருக்கிறது, அதில் ஒன்று தன் தாத்தாவுடையது என்று என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. படித்துப் பார்க்கலாம் என்றால், கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பெயின்ட் அடித்து அடித்துக் கல்லை மொழுக்கென்று ஆக்கி வைத்திருந்தார்கள்.

சுரண்டிப் பார்க்கட்டுமா என்று செயலரைக் கேட்டேன். "பண்டிகை முடியட்டும் சார்" என்றார். பண்டிகை முடிந்ததும், "லெந்து நாப்பது நாள் நோன்பு முடியட்டும்" என்றார். பொறுமை போய், ஒரு சனிக்கிழமை பெயின்ட் ரிமூவரும் தகடுமாக நானே போய் உட்கார்ந்தேன். ஐயர் பெயர் பளிச்சென்று வந்தது. அதற்குக் கீழே ஒரு தமிழ் எழுத்தின் கொம்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ரிமூவர் தீர்ந்துபோனது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் செயலர் அதைப் போட்டோ எடுத்துச் சபை வாட்ஸப் குழுவில் போட்டார். "ஐயர் பேர் கெடச்சிடுச்சே, போதும் சார்" என்று கை குலுக்கினார். போதுமாம்!

அடுத்த சனிக்கிழமை புது டின்னோடு போனால், கல்லைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் பலகை. மேஸ்திரி ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய கல் எங்கே?"

"உள்ளதான் கீது சார். அதும் மேலயே ஒட்டிட்டோம். செக்ரட்டரி சார்தான் சொன்னாரு."

"இதைக் கழற்ற முடியாதா?"

"கயட்டுனா அதுவும் சேந்து பேந்துகினு வந்துடும் சார்."

ஆத்திரம் தாங்காமல் செயலருக்குப் போன் போட்டேன். "எதுக்கு சார் கோபம்? நல்லாப் பாருங்க, உங்களையும் போட்டிருக்கோம்ல?" என்றார்.

பார்த்தேன். மேலே ஐயர் பெயர். பிறகு கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும். கடைசி வரியில், 'வரலாறு தொகுத்தவர்' என்று தங்க எழுத்தில் என் பெயர், அப்பாவின் தாத்தாவை மறைத்துக்கொண்டு.