என் மனசுக்கு அவர் போட்ட மார்க்

தில்லை நகர் கிளினிக்குக்குப் பதற்றத்துக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் என்னை அந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். ஒரு மாதம், தினமும் ஐந்து தடவை போன் மணியடிக்கும். இப்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போட வேண்டும். பத்து என்றால் பரம சந்தோஷம். வேண்டுமானால் காரணமும் எழுதலாம்.

முதல் மணி காலை ஆறரைக்கு. அந்த நேரத்தில்தான் எனக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அது தளிகை நேரம். குளித்து, மடிப்புடவை கட்டி அடுப்பருகே நின்றுவிட்டால், சமைத்ததைப் பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணும்வரை வேறெதையும் தொடக்கூடாது. போனை நிச்சயமாகக் கூடாது.

"நீ தொடாதே, நான் போட்டுடறேன்" என்றார் கணவர்.

"ரெண்டு போடுங்கோ, படபடன்னு வரது" என்று தினமும் உள்ளிருந்து கத்துவேன். "சரி, சரி" என்பார். மனுஷர் உதவுகிறாரே என்று உருகினேன். என் புத்தியை என்ன சொல்ல!

மாதம் முடிந்ததும் இருவரும் போனோம். ஆராய்ச்சி செய்கிற பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மத்தியானம், சாயங்காலமெல்லாம் நாலு, அஞ்சு. காலையில் மட்டும் தினமும் பத்து.

"சமைக்கிறப்பதான் மேடம் நீங்க ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க" என்றாள்.

"அப்ப காலை மாத்திரையை நிறுத்திடலாமே" என்று டாக்டர் சீட்டை எடுத்தார். அந்த மாத்திரை இல்லாவிட்டால் என்னால் அடுப்படியில் நிற்கவே முடியாது.

திரும்பிக் கணவரைப் பார்த்தேன். "விடிஞ்சதும் விடியாததுமா, தளிகை நடக்கற ஆத்துல ரெண்டுன்னு எப்படிப் போடறது? அமங்கலம்" என்று முணுமுணுத்தார்.

உடம்பெல்லாம் எரிந்தது. எதையும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆள் நான். அன்றைக்கு நினைக்கவில்லை. வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"அந்தப் பத்து என்னோடது இல்லை டாக்டர், இவரோடது. சுடச்சுட காபியும் பேப்பருமா உட்கார்ந்திருந்தவர் இவர்தான். எனக்கு ரெண்டு."

அவர் முகம் தொங்கிப்போனது. பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது.

டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார். மாத்திரை தப்பியது. காலை மார்க்குகளை அழித்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் நானே என் கையால் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

"மடியில எப்படிடி போனைத் தொடுவே?" என்றார் ஆட்டோவில், பெரிய தர்மசங்கடம் மாதிரி.

"தொட மாட்டேன். மடியா நீங்க இருங்கோ."

மறுநாள் மடி வேட்டியோடு அடுப்படியில் நின்றவர் மேல் கடுகு வெடித்தது. "சாதம் அடிப்பிடிச்சுடுத்துடி!" என்று அலறினார். நான் எழுந்திருக்கவில்லை. ஆறரைக்குப் போன் மணியடித்தது. எட்டு போட்டேன். காரணம் கேட்டது. பழி வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அடித்தேன். இன்னும் பதிமூன்று நாள் இருந்தது.